மூன்று வருடம் ஓட்டிய டேப்லட்: வேகம் குறையவில்லை, மற்றதெல்லாம் தேய்ந்தது

11 அங்குல டேப்லட், கழற்றி மாட்டும் கீபோர்டு, 65 வாட் சார்ஜர், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு போன், ஒரு டிபி எஸ்எஸ்டி (வெளியே மாட்டும் சேமிப்புக் கருவி). எழுத்து, கணக்கு, வீடியோ அழைப்பு, படத் திருத்தம் எல்லாவற்றையும் இந்த ஆறு சாமான்களை வைத்தே மூன்று வருடம் ஓட்டினால் எது தாக்குப்பிடிக்கும், எது காலை வாரும் என்பதுதான் இங்கே விஷயம்.

ப்ராசஸரை ஒரு வரியில் முடித்துவிடலாம். முதல் நாள் செய்த வேலையை மூன்றாம் வருடமும் அதே வேகத்தில் செய்கிறது. கடையில் எல்லோரும் முதலில் விசாரிப்பது அதைத்தான்; மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தொல்லை தராததும் அதுதான். தொல்லை தந்தவை பேட்டரி, கேபிள், முனை, அலைவரிசை.

எடையைப் பற்றி ஒரு உண்மை. டேப்லட் மட்டும் அரை கிலோ. டிராக்பேடு உள்ள கீபோர்டு உறையும் ஏறக்குறைய அதே எடை. இரண்டையும் சேர்த்தால் மெல்லிய லேப்டாப்பின் எடை வந்துவிடுகிறது. சார்ஜர், பவர் பேங்க், ஹப் (ஒரே முனையில் பல கருவிகளை மாட்ட உதவும் சின்னப் பெட்டி) தனி. 1981-இல் வந்த ஆஸ்பர்ன் 1 சுமார் 11 கிலோ. அதில் பேட்டரியே கிடையாது, போகிற இடத்தில் ப்ளக் இருந்தால்தான் வேலை. இன்று எடை பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ப்ளக் தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மின்சாரத்தில்தான் கணக்குத் தவறுகிறது. பவர் பேங்க்கில் அச்சிட்டிருக்கும் 10,000 எம்ஏஎச் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான அளவு. பெருக்கினால் 37 வாட்-அவர். வோல்டேஜை உயர்த்தும்போது வெப்பமாகப் போவதைக் கழித்தால் வெளியே வருவது 31, 32. டேப்லட்டுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் குறையும். 30 வாட்-அவர் பேட்டரி உள்ள டேப்லட்டை அது காலியிலிருந்து 90 சதவீதம் வரை ஏற்றினாலே பெரிய விஷயம். ‘இரண்டு முறை சார்ஜ் ஆகும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அது போனுக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எம்ஏஎச்சைப் பார்க்காமல் வாட்-அவரைப் பாருங்கள். விமானப் பயணத்துக்கும் அதுதான் அளவுகோல்: பொதுவாக 100 வாட்-அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், தடையில்லை. ஆனால் அந்த எண் மேலே அச்சாகியிருக்க வேண்டும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்புண்டு.

‘சார்ஜில் போட்டிருக்கிறேன், ஆனாலும் சதவீதம் இறங்குகிறது’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் 5 வாட் சார்ஜர். வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ அழைப்பில் இருக்கும் டேப்லட் 6 முதல் 8 வாட் வரை தின்னும். 5 வாட் உள்ளே போய் 7 வாட் வெளியே வந்தால் இறங்கத்தானே செய்யும். பவர் டெலிவரி (யூஎஸ்பி-சி வழியாக வேகமாகச் சார்ஜ் செய்யும் முறை) உள்ள சார்ஜரும் கருவியும் முதலில் பேசி முடிவு செய்துகொண்டு 9, 15, 20 வோல்ட் என்று போகும். அந்தப் பேச்சு நடக்காவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஒரு முனை பழைய செவ்வக வடிவ யூஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்று இருக்கும் கேபிளில் பவர் டெலிவரி வேலை செய்யாது. இரண்டு முனையும் சி ஆக இருக்க வேண்டும்.

அப்படி இருந்தாலும் எல்லா சி கேபிளும் ஒன்றல்ல. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று கேபிள்கள் மூன்று விதமாக நடந்துகொள்ளும். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும்; 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே அடையாளம் சொல்லும் சின்ன சிப் ஒன்று வேண்டும். 65 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப்பில் 60 வாட்டுக்கு மேல் ஏறவில்லை என்றால் சார்ஜரைக் குறை சொல்லாதீர்கள். இன்னொரு சிக்கல் வேகம். சார்ஜருடன் வரும் கேபிள்களில் பல, டேட்டாவுக்கு யூஎஸ்பி 2.0 தான், அதாவது 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் போகும். 50 ஜிபி வீடியோவை எஸ்எஸ்டிக்கு ஏற்ற 24 நிமிடம். அதே எஸ்எஸ்டி, அதே டேப்லட், கேபிளை மட்டும் 5 கிகாபிட்டுக்கு மாற்றினால் இரண்டு நிமிடச் சொச்சம். மானிட்டரில் படம் வராததற்கும் பல நேரம் இதே கேபிள்தான் காரணம். வாங்கிய அன்றே சோதித்து, ‘சார்ஜ் மட்டும்’, ‘எல்லாமும்’ என்று கழுத்தில் இரண்டு நிற டேப் சுற்றி வைத்தால் பின்னால் வரும் பாதித் தலைவலி இல்லை.

இரண்டு முனை சார்ஜரில் ஒரு கண்ணி இருக்கிறது. டேப்லட்டில் ஹப், ஹப்பில் எஸ்எஸ்டி, ஹப்பின் வழியாகவே சார்ஜ். எஸ்எஸ்டிக்கு ஃபைல் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாரோ சார்ஜரின் இரண்டாவது முனையில் போனைச் செருகுகிறார்கள். சார்ஜர் 65 வாட்டை 45, 20 என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்காக இரண்டு முனையிலும் ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகப் பேசத் தொடங்கும். அந்த ஒரு கணத்தில் ஹப் அணைந்து எழும், எஸ்எஸ்டி துண்டிக்கப்படும், பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போகும். எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) வடிவத்தில் இருந்தால் இன்னும் மோசம். எந்தப் பதிவு பாதியில் நின்றது என்பதை அது குறித்து வைப்பதில்லை. ஃபோல்டரே காணாமல் போகலாம். ஆனால் கணினி, டேப்லட், போன் மூன்றும் சேர்ந்து படிக்கும் வடிவம் பெரும்பாலும் அது ஒன்றுதான் (பழைய ஃபேட்32-வில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது). ஆகவே ஃபைல் ஏறும்போது சார்ஜர் பக்கம் யாரும் கைவைக்கக் கூடாது. ஏறி முடிந்ததும் ஆண்ட்ராய்டில் வெளியேற்று என்று கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஐபேடில் அப்படி ஒரு பொத்தான் கொடுக்கவில்லை. எஸ்எஸ்டியின் விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகு பத்துப் பதினைந்து நொடி பொறுத்துக் கழற்றுங்கள். பிறகு நகலின் அளவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூலத்தை அழிக்க வேண்டும்.

எஸ்எஸ்டி மாட்டினாலே மவுஸ் விக்குகிறது, கீபோர்டில் ஒரே எழுத்து நாலு முறை விழுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பேய் எதுவும் இல்லை. யூஎஸ்பி 3 ஓடும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. புளூடூத், டாங்கிள் (யூஎஸ்பி முனையில் செருகும் சின்ன ரிசீவர்) மவுஸ், பழைய வைஃபை எல்லாம் இருக்கும் இடம் அதுதான். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. தீர்வு மலிவானது: டாங்கிளை ஹப்பிலேயே செருகாமல் ஒரு சாண் நீள நீட்டிப்புக் கேபிளில் செருகித் தள்ளி வைப்பது, எஸ்எஸ்டியைக் கீபோர்டின் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றுவது, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் திருப்புவது. மூன்றில் முதலாவது மட்டுமே பெரும்பாலும் போதும்.

பேட்டரி தேய்வதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ஒரு சுற்று என்பது மொத்தம் 100 சதவீதம் செலவாவது. 50-50 ஆக இரண்டு நாள் செலவழித்தாலும் ஒரு சுற்றுதான். 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போனும் டேப்லட்டும் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது விதி. சுற்றைவிட வெப்பம் கெடுதல். நூறு சதவீதத்தில், சூடான இடத்தில், சார்ஜரிலேயே கிடப்பது மூன்றும் சேர்ந்தால் பேட்டரிக்கு அதைவிடக் கேடு இல்லை. மேசையிலேயே அதிகம் இருக்கும் கருவி என்றால் செட்டிங்கில் 80 சதவீத வரம்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள், வெளியூர் கிளம்பும் முந்தைய இரவு மட்டும் எடுத்துவிடுங்கள். நின்ற காரின் டேஷ்போர்டில் வைத்து ஹாட்ஸ்பாட் ஓட்டுவது போனைக் கொல்வதற்குச் சமம்.

மூன்றாம் வருடத்தில் வரும் அறிகுறி நேரம் குறைவது மட்டுமல்ல, 15 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைவது. பழைய செல்லின் உள்தடை ஏறிவிடுகிறது; கேமராவைத் திறந்தால் ஒரேயடியாக மின்சாரம் இழுக்கும், வோல்டேஜ் சரியும், கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஒரு முறை முழுதாகத் தீர்த்து, இடைவிடாமல் நூறு வரை ஏற்றினால் சதவீதக் கணக்கு ஓரளவு சீராகும். ஆனால் செல் புதிதாகாது. சீராக்கிய பிறகும் அணைந்தால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. டேப்லட்டின் ஓரத்தில் கண்ணாடி தூக்கினாலோ, கீபோர்டு உறை சரியாக மூடாவிட்டாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்துவிட்டு சர்வீஸில் கொடுங்கள்.

சார்ஜ் முனை லூஸ் ஆகிவிட்டது என்று சொல்லப்படுவதில் பாதி, உள்ளே அடைந்த பஞ்சு. பையில் இருக்கும் துணித்தூசி ஒவ்வொரு முறை செருகும்போதும் அடியில் அமுங்கி அமுங்கித் தட்டையாகி, கேபிள் கடைசி வரை இறங்காமல் செய்துவிடும். அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கெல்லி எடுங்கள். நடுவில் நாக்கு போல நிற்கும் தகட்டைத் தொடக் கூடாது. ஊக்கு, ஊசி எதுவும் வேண்டாம். உண்மையில் முனையை உடைப்பது வேறு: பவர் பேங்க்கைக் கேபிளோடு மாட்டியபடியே பையில் திணித்து, பையைக் கீழே வைப்பது. பளு முழுவதும் அந்த நாக்கில் இறங்கும்.

கீபோர்டு உறையில் முதலில் போவது எழுத்து அல்ல, மடியும் விளிம்பு. உரிந்தாலும் வேலை செய்யும். ‘கீபோர்டு இணைக்கப்படவில்லை’ என்று வந்தால் உறையின் பொட்டுப் பொட்டான உலோகத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் வாங்கும் முன் சோதிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: திரையில் வரும் தமிழ் கீபோர்டு வேலை செய்வதால் வெளிக் கீபோர்டிலும் தமிழ்99 எழுத்தமைப்பு வரும் என்று நம்பக் கூடாது. இரண்டும் வெவ்வேறு அமைப்பு. கடையிலேயே மாட்டி ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் கம்பிகளை நம்பவேண்டாம். ஆண்ட்ராய்டில் செட்டிங், போனைப் பற்றி, சிம் நிலை என்று போனால் சிக்னலின் பலம் டிபிஎம் (dBm) அளவில் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 அருகே இருந்தால் நிம்மதி; மைனஸ் 110-க்குக் கீழே போனால் போன் கத்திக் கத்தியே பேட்டரியைத் தீர்க்கும். அப்போது போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு டேப்லட்டை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் அதிகம் என்றால் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், பக்கத்தில் என்றால் 5. லேப்டாப்புக்கு என்றால் போனைக் கேபிளில் மாட்டி இணையம் எடுப்பதே (டெதரிங்) உத்தமம். போனும் சார்ஜ் ஆகும்.

டேட்டா காலியாவது வீடியோ அழைப்பால் மட்டும் இல்லை (அதுவும் உயர்தரத்தில் மணிக்கு ஒரு ஜிபியைத் தாண்டிவிடும்). டேப்லட்டுக்கு ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். கிடைத்த வாய்ப்பில் அப்டேட்டையும் புகைப்பட பேக்கப்பையும் ஓடவிட்டுவிடும். அந்த வைஃபை பெயரை அழுத்தி ‘அளவிடப்பட்ட இணைப்பு’ அல்லது ‘குறைந்த டேட்டா’ என்று குறித்துவிட்டால் அடங்கும். இதற்கு நேர் எதிரான தொல்லை, போக வேண்டியது போகாமல் நிற்பது. பெரிய ஃபைலை மேகத்துக்கு ஏற்றிவிட்டுத் திரையை அணைத்தால், பேட்டரி சிக்கனம் என்ற பெயரில் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடும். அந்தச் செயலியின் பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு தூக்கப் பட்டியலும் வைத்திருக்கும், அங்கும் பார்க்க வேண்டும். அவசரம் என்றால் திரையை எரியவிட்டு அங்கேயே இருப்பதுதான் வழி.

ஸ்டோரேஜில் பத்து, பதினைந்து சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். நிரம்பிய ஃபிளாஷ் மெமரியில் எழுதும் வேகம் சரிந்துவிடும். ‘டேப்லட் பழசாகிவிட்டது’ என்று தோன்றுவதில் கணிசமான பங்கு இதற்கு உண்டு. விலை குறைந்த மாடல்களில் வரும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜில் இது சீக்கிரமே தெரியும். ரேம் 4 ஜிபி என்றால் வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது பிரவுசர் பக்கம் புதிதாகத் திறக்கும், பாதி நிரப்பிய படிவம் போய்விடும். நீண்ட பதிலை நோட்ஸில் அடித்துவிட்டு ஒட்டுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம் என்பேன்.

வெயிலில் வேலை என்பதை மறந்துவிடலாம். 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) திரை நேர் வெயிலில் கண்ணாடி போலத்தான் தெரியும். அதையும் மீறிப் பிடித்துக்கொண்டிருந்தால் சூடாகித் தானே மங்கிக்கொள்ளும்.

கருவி தொலையும் நாளுக்காகச் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். ஓடிபி வரும் போனும் டேப்லட்டும் ஒரே பையில் தொலைந்தால் சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாது. சிம்முக்கு பின் (PIN) எண் போடுங்கள், இல்லையென்றால் திரைப்பூட்டு இருந்தும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். மூன்று முறை தவறாக அடித்தால் பூட்டிக்கொண்டு பியூகே (PUK) என்ற திறப்புக் குறியீடு கேட்கும். சிம் வந்த அட்டையில் அது இருக்கும், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.