ஒரே காமே, நான்கு விலை: பொஜொலே ஒயினில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

நான்கு பாட்டில்கள். நான்கிலும் காமே என்ற கறுப்புத் திராட்சை மட்டும்தான். நான்குமே பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பொஜொலே வட்டாரத்தில் விளைந்தவை. விலை மட்டும் 6, 8.50, 15, 27 யூரோ. லியோனின் க்ருவா-ரூஸ் மேட்டில் நான் வழக்கமாக வாங்கும் சின்ன ஒயின் கடையில் ஒரே நாளில் வாங்கியவை.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். வேலை லியோனில், ஓர் உணவகத்தின் அடுப்படியில். நம் ஆட்கள் யாராவது ஒயின் வாங்கப் போனால் எனக்கு ஃபோன் வரும். "விலை கூட இருந்தா நல்லதுதானே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பிரான்சின் போர்தோ வட்டார ஒயினையும் சிலி நாட்டு ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இதற்குப் பதில் கிடைக்காது. திராட்சை வேறு, மண் வேறு, வெயில் வேறு; எதனால் விலை ஏறியது என்று எப்படிச் சொல்வது? ரகமும் வட்டாரமும் ஒன்றாக இருந்து, விலை மட்டும் மாற வேண்டும். அதற்குப் பொஜொலேயை விடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. லியோன்காரர்கள் தங்கள் ஊருக்கு மூன்று ஆறுகள் என்பார்கள்: ரோன், சோன், மூன்றாவது பொஜொலே.

முதலில் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம். காமேயை ஏளனமாகப் பார்ப்பது பிரான்சில் பழைய வழக்கம். 1395-இல் பொஜொலேக்கு வடக்கே இருக்கும் பர்கண்டியின் கோமகன் இரண்டாம் ஃபிலிப் இந்தக் கொடியைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையே போட்டார். பர்கண்டியின் பேர்போன கறுப்புத் திராட்சையான பினோ நுவார் கொஞ்சமாகக் காய்க்கும், காமே கொட்டிக் காய்க்கும். குடியானவர்கள் காமே பக்கம் சாய்ந்ததில் கோமகனுக்குத் தன் ஊர் ஒயினின் பேர் கெட்டுவிடும் என்ற கவலை. ஆனால் மரபணுச் சோதனையில் தெரிந்தது என்ன? காமே அந்த பினோவின் பிள்ளைதான். பினோவும் குவே ப்ளான் என்ற பழைய வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்தது. உலகமே கொண்டாடும் வெள்ளைத் திராட்சையான ஷார்தொனேவும் அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த உடன்பிறப்பு. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் சுமாராக வரும் காமே, பொஜொலேயின் வடபாதியில் இருக்கும் கருங்கல் மண்ணில் வேறு ஆளாகிவிடுகிறது. விலையும் பெரும்பாலும் அந்த மண்ணைப் பார்த்துத்தான் ஏறுகிறது.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

ஆறு யூரோ பாட்டில் பொஜொலே நூவோ. செப்டம்பர் வாக்கில் அறுத்த திராட்சை, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடும். 1985-லிருந்து நாள் அப்படித்தான் நிலைத்திருக்கிறது. குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் இருப்பவை மேல் பாரத்தில் நசுங்கி நுரைக்க ஆரம்பிக்கும். அதில் கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். மேலே இருக்கும் பழங்கள் தோல் கிழியாமல் உள்ளுக்குள்ளேயே நொதிக்கும். நாலைந்து நாளில் பிழிந்துவிடுவார்கள். தோலோடும் கொட்டையோடும் அதிக நாள் ஊறாததால் துவர்ப்பு மிகக் குறைவு. மணம் மட்டும் தூக்கலாக இருக்கும். நான் வாங்கிய பாட்டிலைத் திறந்ததுமே நன்றாகக் கனிந்த பூவன் பழ வாசனை, பின்னால் ஸ்ட்ராபெர்ரி மிட்டாய். நிறம் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. வாயில் வைத்தால் புளிப்பும் பழமும் ஓடி வந்து, விழுங்கியதும் காணாமல் போகின்றன.

இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அறுவடை முடிந்த சந்தோஷத்துக்குக் குடிக்கும் ஒயின் இது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் ஆறு யூரோவில் ஒயினுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். விற்பனை வரி 20 சதவீதம், அதாவது சரியாக ஒரு யூரோ அரசுக்கு. ஒயினுக்கென்று இருக்கும் தனி வரி பாட்டிலுக்குச் சுமார் 3 சென்ட்தான், அதை விட்டுவிடலாம். கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, லாரிக் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போனால், திராட்சை விளைவித்தவர் கைக்குப் போவது சொற்பம். அந்தச் சொற்பத்தில் கையால் அறுக்கவோ, விளைச்சலைக் குறைக்கவோ, ஒயினை ஒரு வருஷம் காத்து வைக்கவோ யாராலும் முடியாது. கண்ணாடிக்கும் அட்டைக்கும் ஆகும் செலவு 15 யூரோ பாட்டிலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் கீழ்த்தட்டில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு யூரோவும் ஒயின் பக்கம்தான் அதிகம் போகிறது.

8.50 யூரோ பாட்டில் பொஜொலே-விலாஜ். மேட்டுப்பாங்கான முப்பத்துச் சொச்சம் கிராமங்களின் திராட்சை. பூவன் பழ வாசனை போய், செர்ரியும் ராஸ்பெர்ரியும் வந்திருந்தன. லேசான மிளகு வாடை. வீட்டில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். இதில் கண்டுபிடித்து வியக்க ஒன்றும் இல்லை, குறை சொல்லவும் ஒன்றும் இல்லை.

பதினைந்து யூரோவில்தான் கதை மாறுகிறது. லேபிளில் மோர்கோன் என்று பெரிதாக, கீழே சின்ன எழுத்தில் கோத் து பீ. பொஜொலே என்ற சொல்லே கண்ணில் படவில்லை. பொஜொலேயின் வடக்கில் பத்துக் கிராமப் பகுதிகளுக்குத் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை உண்டு. அவற்றை க்ரு என்பார்கள். மோர்கோன், ஃப்ளூரி, மூலேன்-ஆ-வான், ஷெனா, ஷிரூப்ள், ஜூலியேனா, சேன்-தமூர், ப்ரூய், கோத் து ப்ரூய், கடைசியாக 1988-இல் சேர்ந்த ரெஞ்யே. இந்தப் பெயர்களில் நூவோ செய்யச் சட்டம் இடம் தராது. "பொஜொலே பிடிக்காது" என்று சொல்லிவிட்டு மோர்கோனை ரசித்துக் குடிக்கும் பிரெஞ்சுக்காரர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கோத் து பீ என்பது வில்லியே-மோர்கோன் ஊரை ஒட்டிய மொட்டைக் குன்று. நீலம் ஓடிய பழைய பாறை பொடிந்து கிடக்கும் மண். உச்சியில் நின்று கையில் ஒரு பிடி அள்ளினால் துருவேறிய சில்லுகளாக உதிரும். கொடிகளைக் கம்பியில் படரவிடாமல், முழங்கால் உயரக் குட்டை மரங்களாக வெட்டி வளர்த்திருப்பார்கள். குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும். செலவு அங்கேயே ஆரம்பிக்கிறது. விளைச்சலுக்கான உச்சவரம்பும் க்ருக்களில் சாதாரணப் பொஜொலேயை விடக் குறைவு. தொட்டியில் ஊறும் நாட்களும் அதிகம்.

நான் திறந்தது 2022 அறுவடை. வெயில் கொளுத்திய வருஷம், பழம் நன்றாக முற்றியிருக்கிறது. முதல் வாசனை அடக்கமாகத்தான் இருந்தது. நூவோ மாதிரி பாய்ந்து வரவில்லை. கிளாஸில் கால் மணி நேரம் இருக்க விட்டேன். கறுத்த செர்ரி, ப்ளம், அப்புறம் மழை பட்ட கல்லின் வாசனை. வாயில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. புளிப்பு அதைத் தாங்கி நடுவில் நிற்கிறது. விழுங்கிய பிறகும் அரை நிமிஷம் போல செர்ரிக் கொட்டையின் கசப்பு தங்கியது. விலாஜில் இந்தத் தங்கல் கிடையாது. நான் தரம் என்று சொல்வது முக்கியமாக இதைத்தான்: விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது ஒரே ருசியாக நிற்கிறதா, மாறிக்கொண்டே வருகிறதா.

வேலை முடிந்த ஒரு ராத்திரி நான்கையும் காகிதப் பைக்குள் மறைத்து அடுப்படி ஆட்களுக்கு ஊற்றினேன். இனிப்பு செய்யும் பெண் நூவோவை முதல் முகர்தலிலேயே பிடித்துவிட்டார். பாத்திரப் பக்கம் நிற்கும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு ஒயின் புதுசு. மோர்கோன் கிளாஸைத் திரும்ப எடுத்து, "அண்ணை, இது ரெண்டாந்தரம் குடிக்கேக்கைதான் பிடிபடுது" என்றான். இதைவிடத் துல்லியமாக அந்த ஒயினைப் பற்றி நான் எழுதிவிட முடியாது. விலை தெரியாமல் குடித்தவர்களில் பெரும்பாலோர் மோர்கோனைத்தான் முதலாவதாகச் சொன்னார்கள், 27 யூரோ பாட்டிலை அல்ல.

அந்த 27 யூரோ பாட்டில் மூலேன்-ஆ-வான், ஒரே தோட்டத்துப் பழையக் கொடிகளின் ஒயின், மரப்பீப்பாயில் ஒரு வருஷம் இருந்தது. பத்து க்ருக்களில் இதுதான் கனமானது என்று பெயர்; மண்ணில் மாங்கனீசு இருப்பது பிரசித்தம். பீப்பாய் வாசனை இன்னும் பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வயலட் பூ மணமும் மசாலா வாடையும் அடியில் தெரிகின்றன. துவர்ப்பு இறுக்கம். நல்ல ஒயின்தான், சந்தேகமே இல்லை, ஆனால் இப்போது குடிக்க வேண்டிய ஒயின் இல்லை. ஐந்தாறு வருஷம் இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வைக்க முடிந்தவர்களுக்கு 27 யூரோ நியாயம். பர்கண்டியில் பேர் பெற்ற கிராமத்து பினோ நுவார் இதைப்போல இரண்டு மடங்கு விலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு வாங்கி இன்றைக்கே குடிப்பவர் கொடுக்கும் அந்தக் கூடுதல் 12 யூரோ பீப்பாய்க்கும் அரிதாகக் கிடைப்பதற்கும் போகிறதே தவிர, ருசிக்குப் போகவில்லை.

அதனால் என் கணக்கு இது: காமேயில் 6-லிருந்து 15 வரை ஏறும் விலை, கிளாஸில் தெரியும். அதற்கு மேல் நீங்கள் வாங்குவது காலத்தை.

லேபிளில் என்னென்ன பார்க்கலாம்? "மி ஆன் பூத்தேய் ஓ தொமேன்" என்று இருந்தால் தோட்டத்துக்காரரே பாட்டிலில் அடைத்தது. பல பேரிடம் வாங்கிக் கலந்து அடைக்கும் வியாபாரிகளிலும் நல்லவர்கள் உண்டு, ஆனால் இந்தக் குறிப்பிட்ட விலைகளில் நான் தோட்டக்காரர் பக்கம். "வியேய் வீஞ்", அதாவது பழையக் கொடி, என்பதற்குச் சட்டப்படி வயசு வரம்பு கிடையாது. "ரிசர்வ்", "கூவே ப்ரெஸ்தீஜ்" இவையும் அப்படித்தான். பிரெஞ்சு லேபிளில் அவற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. அவற்றுக்காக ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். அறுவடை வருஷத்தைப் பாருங்கள். 2021 பனியும் மழையும் வாட்டிய வருஷம், ஒயின் மெலிசு, புளிப்பு முன்னால் நிற்கும். 2022 சதைப்பற்று. இரண்டுக்கும் விலை ஒன்றாகவே இருக்கலாம்.

நம் சாப்பாட்டோடு எப்படி? காரத்துக்குக் காமே தோது. துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடிய ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும். காமேயில் துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு. வஞ்சிரம் வறுவலுக்கு விலாஜ், கோழி மிளகு வறுவலுக்கு மோர்கோன். புளி தூக்கலான மீன் குழம்போடு நான்குமே தோற்றன. புளியின் முன்னால் ஒயின் தண்ணீராகிவிடுகிறது. சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் காமேக்கு அது பொருந்தாது. குளிர்பதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, 13 டிகிரி வாக்கில் எடுத்தால் பழம் துலக்கமாக வரும். லியோன் பூஷோன் உணவகங்களில் அடிக்கண்ணாடி தடித்த 46 சென்டிலிட்டர் குப்பியில் ஊற்றி வைக்கும் பொஜொலேயும் ஜில்லென்றுதான் வரும்.

மறுநாள் மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன். நூவோவில் மிட்டாய் வாசனை போய்ப் புளிப்பு மட்டும் கிடந்தது. விலாஜ் சோர்ந்திருந்தது. மோர்கோன் முதல் நாளை விட நன்றாக இருந்தது.

பதினைந்து யூரோ அதிகம் என்று தோன்றுபவர்கள் ரெஞ்யே அல்லது ஷெனா என்று கேட்டு வாங்குங்கள். பேர் பரவாததால் 10, 12 யூரோவுக்கே கிடைக்கின்றன. பத்திலும் சின்னது ஷெனா. மூலேன்-ஆ-வானுக்கு ஒட்டிய நிலம். அந்தக் கிராமத்துத் திராட்சைத் தோட்டங்களில் ஒரு பகுதி மூலேன்-ஆ-வான் எல்லைக்குள்ளேயே வருகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் விளைந்தால் ஷெனா விலை, அந்தப் பக்கம் விளைந்தால் மூலேன்-ஆ-வான் விலை.