ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா: பின்னறை மட்டும் வேண்டாம்

போன மாதம் ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்ட பங்களா ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கினோம், ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

முதலில் வராந்தா. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த அலுப்பு அங்கே உட்கார்ந்ததும் போய்விட்டது. வீட்டின் மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, எட்டடி அகலம் இருக்கும். நான் வளர்ந்தது கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா வீட்டில். அங்கே தெருப்பக்கம் திண்ணை, உள்ளே முற்றம், காற்று வெளிச்சம் மழை எல்லாமே முற்றத்து வழியாகத்தான் வீட்டுக்குள் வரும், தெருச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்றோடு சரி. மலை பங்களா இதற்கு நேர்மாறு. நடுவில் ஹால், சுற்றிலும் அறைகள், அறைகளிலிருந்து நேரே வராந்தாவுக்குக் கதவு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிட்டார், அவருக்குப் பின்னால் வந்த தோட்டக்காரத் துரைகள் இப்படித்தான் கட்டிக்கொண்டார்கள். ஹாலில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் அவர்கள் ஊர் வழக்கம். ஆனால் பங்களா என்ற பெயரே வங்காளத்து வீட்டிலிருந்து வந்தது, தாழ இறங்கும் கூரையும் அதன் அடியில் தாழ்வாரமும் இந்த மண்ணுடையது.

மேலே மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865-ல் மங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை. நாட்டு ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று சும்மா கிடக்காது, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், மலைக்காற்றுக்கு அதுதான் சரி. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பின்கட்டில் அடுக்கியிருந்த உபரி ஓடு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். அடியில் எழுத்துகள் புடைப்பாக, பாசி ஏறி, பாதி தேய்ந்து இருந்தன. "ஒண்ணு ரெண்டு ஒடைஞ்சா மாத்திக்கலாம் சார், அதுக்குத்தான் வெச்சிருக்கோம்" என்றார். பழைய வீட்டை வைத்திருக்கத் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இது, அங்கேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

தரை சிவப்புக் காவி. நிலைப்படி பக்கம் மட்டும் கால் பட்டுப் பட்டு நிறம் வெளுத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார்களாம், காலை வெயில் விழும்போது ஜன்னல் கம்பி நிழல் அதில் அப்படியே தெரிகிறது.

இப்போது குறை. முதல் நாள் எங்களுக்குக் கொடுத்தது பின்பக்கத்து அறை. அதை மட்டும் புதுப்பித்திருக்கிறார்கள்: வழுவழு டைல்ஸ், ஓட்டுக் கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங், சுவருக்கு சிமெண்ட் பூச்சு. கட்டில் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரம் வரை பெயிண்ட் உப்பியிருந்தது, விரலால் தொட்டேன், வெள்ளையாக உப்புத் தூள் உதிர்ந்தது. பழைய சுண்ணாம்புக் காரை தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, மேலே ஏறி, பூச்சை உப்போடு தள்ளும். ராத்திரி முழுக்க ஓதவாடை, என் மகளுக்குத் தும்மல் நிற்கவேயில்லை. அதே வீட்டில் சுண்ணாம்பு பூசிய முன்னறைச் சுவர் கட்டாந்தரை போலக் காய்ந்து கிடக்கிறது. உரிமையாளரிடம் போனில் சொன்னேன், வருகிறவர்கள் புதுசாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றார். காசு செலவழித்து ஒரு நல்ல அறையைக் கெடுத்து வைத்திருப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் கேட்டதும் முகம் சுளிக்காமல் முன்னறைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாடு சுமார், தோட்டத்து மிளகு போட்ட ரசம் மட்டும் அருமை, காப்பி கேட்கும்போதெல்லாம் வரும். புக் பண்ணும்போதே முன்னறை, வராந்தாவில் கதவு திறக்கிற அறை என்று சொல்லிவிடுங்கள். வெந்நீர் காலை ஏழு மணிக்கு மேல்தான், கூடுதல் கம்பளி முந்தின ராத்திரியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.