முதல் ரெட்ரோ கேம்: கேம் பாயா, ஃபேமிகாமா, மெகா டிரைவா?

பழைய கன்சோலுக்குச் சொந்தமாக ஒரு கேம் எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் சிப்பின் வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர் அதற்கு முன்னால் திரையைப் பார்ப்பது நல்லது. அந்தக் காலத்தில் இங்கே டிவி 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) முறை, அதாவது நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் இன்று கிடைப்பவற்றிலோ ஜப்பானிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் பெட்டிகளும் கலந்திருக்கும். 60-க்கு எழுதிய கேம் 50-இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். பாட்டும் இழுத்துக்கொண்டு போகும். கேம் பாய்க்கு இந்தத் தலைவலி இல்லை. திரை அதோடு ஒட்டியே வருகிறது, எங்கே வாங்கினாலும் நொடிக்கு ஏறத்தாழ 59.7 ஃப்ரேம்.

அதனால் முதல் முயற்சிக்கு 1989-இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்க கேம் பாய்தான் எங்கள் தேர்வு. 160க்கு 144 புள்ளி, நான்கு சாயல், 8 கிலோபைட் ராம். படம் வரையவே நேரமில்லை என்று தப்பிக்க முடியாத அளவுக்குச் சிறிய திரை! நிரல் எழுதவே வேண்டாம் என்றால் ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருள் போதும். ஆனால் அதில் வழக்கமான பின்னணிப் படம் ஒன்றில் 192 வேறுபட்ட ஓடுகள்தான் (8க்கு 8 புள்ளிப் படத் துண்டுகள்) அனுமதி. ஒரு முழுத் திரைக்கு 360 ஓடுகள் வேண்டும். கையால் வரைந்த பெரிய படத்தைக் கொண்டுவந்து போட்டால் சிதறுவது இதனால்தான். சுவரையும் புல்லையும் திரும்பத் திரும்ப வரும் ஓடுகளாக வரையுங்கள். சி மொழி தெரிந்தவர் ஜிபிடிகே-2020 என்ற நிரல் தொகுப்புக்குப் போகலாம். முதல் கேமை 32 கிலோபைட்டுக்குள் நிறுத்திவிட்டால் பேங்க் மாற்றும் தொல்லையும் (பெரிய கேமைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிப் படிப்பது) இல்லை. திரையின் ஒரே வரியில் 10 ஸ்ப்ரைட்டுக்கு (பின்னணிமேல் நகரும் சிறு படம்) மேல் போனால் மிச்சம் தெரியாது. எதிரிகளை மேலும் கீழுமாகப் பரப்புங்கள்.

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் (1983) வன்பொருளின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு. ராம் வெறும் 2 கிலோபைட். படச் சிப்புக்கு எழுத வீபிளாங்க் நேரம்தான் (ஒரு ஃப்ரேம் வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான இடைவெளி) பாதுகாப்பு. 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் அது சுமார் 2,270 சிப் சுழற்சி. ஸ்ப்ரைட் பட்டியலை டிஎம்ஏ (மொத்தமாக நகலெடுக்கும் வன்பொருள் வசதி) வழியாக நகர்த்துவதே 513-ஐத் தின்றுவிடும். மிச்சத்தைத் தாண்டி எழுதினால் திரை குதிக்கும், குப்பை எழுத்து விழும். சிசி65 என்ற கம்பைலரில் சி எழுதலாம்தான், ஆனால் உள்மாறிகளை மென்பொருள் ஸ்டேக்கில் வைப்பதால் மெதுவாகும். அவற்றை ஸ்டேடிக் (நிலையான இடத்தில் இருக்கும் மாறி) ஆக்குங்கள், முடிந்த இடமெல்லாம் குறியில்லாத 8 பிட் எண்ணையே வையுங்கள். ஓவியரைக் கடுப்பேற்றுவது வேறொன்று: பின்னணியில் 16க்கு 16 புள்ளிச் சதுரத்துக்கு ஒரே வண்ணத் தொகுப்புதான்.

சேகாவின் மெகா டிரைவ் (1988) தாராளம்: 64 கிலோபைட் ராம், 80 ஸ்ப்ரைட், 16 நிறம் கொண்ட நான்கு தொகுப்பு. இதற்குச் சி மொழியில் எழுத உதவும் எஸ்ஜிடிகே தொகுப்பை நிறுவும்போது ஜாவாவும் வேண்டும். படங்களை இண்டெக்ஸ் முறை (நிறங்களைப் பட்டியல் எண்ணால் குறிக்கும்) பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். தசம எண்ணுக்கு ஃப்ளோட் வேண்டாம், எஸ்ஜிடிகே-யில் உள்ள ஃபிக்ஸ்16 எண் வகை போதும். ஒரு பொறி மட்டும் உண்டு. 60 ஹெர்ட்ஸில் ஒரு வீபிளாங்க்கில் படச் சிப்புக்கு நகர்த்தக்கூடியது சுமார் 7 கிலோபைட். 50 ஹெர்ட்ஸ் பால் பெட்டியில் இடைவெளி நீளம் என்பதால் அங்கே மட்டும் சோதித்தவருக்கு இந்த அளவைத் தாண்டும் பிழை கண்ணில் படாது.

கணினியிலேயே சோதிக்க, கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் வேண்டும்: கேம் பாய், ஃபேமிகாம் இரண்டுக்கும் மெசென், மெகா டிரைவுக்கு பிளாஸ்ட்எம். எமுலேட்டரில் ஒழுங்காக ஓடியது நிஜப் பெட்டியில் உளறினால், ராமைத் தொடக்கத்தில் பூஜ்யமாக்கினீர்களா என்று பாருங்கள். நிஜ ராமில் மின்சாரம் வந்ததும் கண்டபடி எண்கள் கிடக்கும். மெசெனில் ராமைத் தாறுமாறாக நிரப்பும் அமைப்பு இருக்கிறது. முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஜப்பானியப் பெட்டியோடு வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. பிளக் மாற்றியைச் செருகி நம் 230 வோல்ட்டில் போட்டால் புகைதான். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்ப், நடுமுனை நெகட்டிவ். சிம் லிம் டவர் கடைகளில் கேட்கும்போது இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான என்இஎஸ்-இன் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. முனை பொருந்துகிறதே என்று ஃபேமிகாமிலோ மெகா டிரைவிலோ செருகாதீர்கள்.