பவளத்தூள் உணவு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வள்ளியூரில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி அமைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில், "அண்ணாச்சி, நீங்க போடுற பவளத்தூள் வெல கொறஞ்சிருக்கு, ஒரு டப்பா வாங்கிரவா?" என்று கேட்டார். தொட்டியில் வளரும் பவளங்களுக்கு உணவாக இடும் தூளைத்தான் அவர் கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். மூன்று ஆண்டுகளாக அதே தூளைப் பயன்படுத்தி வருபவன், காரணம் கூறாமல் பிறரைத் தடுப்பது முறையாகாது என்று பிறகு தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் என் வீட்டிலுள்ள தொட்டி 200 லிட்டர் கொள்ளளவு உடையது. அதில் தோல் போன்ற மேற்பரப்புடைய ஒரு லெதர் பவளம், தட்டையான காளான் போன்ற காளான் பவளங்கள், ஒரு பாறை நிறைய ஜோவாந்தஸ் (பொத்தான் போல் கூட்டமாக வளரும் பவளம் போன்ற உயிர்), இரண்டு கோமாளி மீன்கள், மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்னும் ஒரு கிளீனர் இறால் ஆகியவை உள்ளன. கல்பவளம் எதுவும் இல்லை. பாறை கட்டும் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெட்டப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு அதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இங்கே நான் சொல்வன அனைத்தும் மென்பவளங்களுக்கும் அவற்றைப் போன்றவற்றுக்குமே பொருந்தும்.

முதலில் தூளின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன என்றாலும், உடல் வளர்வதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் இரையிலிருந்தும் கிடைத்தால்தான் வளர்ச்சி விரைவாக இருக்கும். விளக்கு அணைந்து அரை மணி நேரம் கழித்து, வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டன் பம்பையும் அலை எழுப்பும் வேவ்மேக்கரையும் நிறுத்திவிட்டு, தொட்டி நீரிலேயே குழைத்த தூளை நீண்ட உறிஞ்சுகுழாயால் காளான் பவளத்தின் மேல் மெல்ல விடுவேன். சிறிது நேரத்தில் அதன் விளிம்பு மேலெழும்பத் தொடங்கி, நாலா பக்கமிருந்தும் உள்நோக்கிக் குவிந்து, என் ஆச்சி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் போல் வாய் கட்டிக்கொள்ளும். மூளையே இல்லாத ஓர் உயிர் தன் உணவை இப்படிப் பத்திரப்படுத்துவதை மூன்று ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை. கிளீனர் இறால் ஓடி வந்து அந்த வாயிலிருந்தே உணவைத் தோண்டி எடுத்துவிடும் என்பதால், அடிப்பகுதியை வெட்டி எறிந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பவளத்தின் மேல் கவிழ்த்து, மூடியைக் கழற்றிய பாட்டில் வாய் வழியாகக் குழாயை நுழைத்து ஊட்டுகிறேன். நான்கு காளான்களுடன் தொடங்கினேன். இன்று எண்ணினால் இருபத்து மூன்று இருக்கின்றன.

இவ்வளவு பலன் தந்த பொருளின் மீது எனக்கு ஏன் கோபம் என்றால், டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு வரியால்தான். 200 லிட்டருக்கு ஒரு கரண்டி, வாரத்துக்கு இரண்டு முறை என்கிறது அந்த வரி. தண்ணீரா சாப்பிடுகிறது? நூறு பவளங்கள் உள்ள தொட்டிக்கும் நான்கு காளான்கள் மட்டுமே உள்ள தொட்டிக்கும் கொள்ளளவு ஒன்றாக இருக்கலாம். உண்ணும் வாய்கள் ஒன்றாகுமா? புதியவனாக இருந்த நான் அந்த வரியை நம்பி, மூன்று மாதம் தவறாமல் இட்டு வந்தேன். உண்ணப்படாத தூளிலிருந்து கரைந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பேட், லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலிருந்து 0.3ஐத் தாண்டியது. மணலின் மேல் செங்கருமை நிறத்தில் சயனோ என்னும் பாக்டீரியாப் படலம் விரிந்தது. பச்சை இழைப்பாசி ஜோவாந்தஸ்களுக்கு இடையே புகுந்து அவற்றை விரியவிடாமல் நெருக்கியது. லெதர் பவளம் தன் பாலிப்களை (பூப்போல் விரியும் சிறு வாய்களை) எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு சுருங்கியது. அது அவ்வப்போது மேல்தோலை உரிக்கும் இயல்புடையது என்பதால், தோல்தான் உரிக்கிறது என்று எண்ணி இரண்டு வாரம் வீணாகக் காத்திருந்தேன்.

அது அக்கினி நட்சத்திரக் காலம். வெப்பநீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. உண்ணப்படாமல் பாறை இடுக்குகளில் தங்கிய தூள் அழுகும்போது அந்தக் குறைந்த ஆக்சிஜனையும் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். ஊட்டிய பின் ஓரிரவு, நீரைக் கலக்கிக் காற்றைக் கரையச் செய்யும் பம்பை மீண்டும் போட மறந்து உறங்கிவிட்டேன். விடியற்காலையில் இரு கோமாளி மீன்களும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்ததைக் கண்டபோது என் கைகள் நடுங்கின. அவை பிழைத்தன. பம்பை மறந்தது என் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அத்தனை தூளை அந்தத் தொட்டிக்குள் கொட்டச் சொன்னது நான் அல்ல. வாரந்தோறும் 20 லிட்டர் நீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 கிராம் கடலுப்புக் கலவை கரைத்து, பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளையும் வாங்கிப் போட்டு, நான்கு மாதங்களில் தொட்டியை மீட்டேன். அந்தச் செலவில் இன்னும் சில டப்பாக்கள் வாங்கியிருக்கலாம்.

விற்றவரிடம் கேட்டதற்கு, அது பொதுவான அளவுதான் என்று பதில் வந்தது. பொதுவான அளவு என்பதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கலாமே.

இப்போது வாரத்துக்கு ஒரு முறை, கால் கரண்டிதான். அதுவும் கண்ணுக்குத் தெரியும் வாய்களுக்கு மட்டும். இதனால் டப்பா நெடுநாள் வருகிறது. நெடுநாள் வருவதால் ஐப்பசி மழையின் ஈரத்தில் தூள் கட்டி தட்டி, எண்ணெய்ச் சிக்கு வாடையும் அடிக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் காற்றுப் புகாமல் வைத்தால் தப்பிக்கும். சிறிய டப்பாவாக விற்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மற்ற நாட்களில் ஆர்ட்டீமியா குஞ்சுகளை ஊட்டுகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் இயல்பாகவே வாழும், இறாலைப் போன்ற சிற்றுயிர் அது. கவிழ்த்த பாட்டிலில் உப்புநீர் நிரப்பி முட்டைகளை இட்டுக் காற்றுக்குழாய் விட்டால், நம்மூர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். ஒரு பக்கம் விளக்கு வைத்தால் குஞ்சுகள் அங்கே திரளும். ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். மஞ்சள்கரு தீர்வதற்குள் கொடுத்தால்தான் சத்து. உண்ணப்படாதவை உடனே அழுகாமல் நீந்திக்கொண்டிருக்கும், மீன்களும் பிடித்துத் தின்னும். மிக நுண்ணிய துகள்களையே கொள்ளும் லெதருக்கு மட்டும் இது பயன்படாது. அதற்குத் தூளே மேல் என்பதை மறுக்க மாட்டேன்.

காளான்களை இருபத்து மூன்றாகப் பெருக்கிய உணவு, லெதருக்கு நான் அறிந்தவற்றில் சிறந்த உணவு. ஆயினும் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. தம்பியின் தொட்டிக்கு வயது ஆறு மாதம். அதில் இருப்பவை மூன்று காளான்கள். என் டப்பாவில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் பொட்டலம் கட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை வள்ளியூருக்குக் கொடுத்தனுப்புகிறேன். சிட்டிகை சிட்டிகையாக இட்டால் அந்த மூன்று வாய்களுக்கும் தீபாவளி வரை வரும்.