ராகித் தாளும் மைனஸ் 173 டிகிரியும்: டி.என்.பி. கருவியோடு மூன்றரை வருஷம்

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். லீவு முடிந்து கிளம்பும்போது எல்லோரும் மாம்பழம், ஊறுகாய் என்று மூட்டை கட்டுவார்கள். நான் தாள் போரில் இருந்து உருவிக் காயவைத்துப் பொடித்த ராகித் தாளை எடுத்துப் போனேன். மாடு சிரமமில்லாமல் மெல்லும் அந்தத் தாளுக்குள் நாராக இருக்கும் செல்லுலோஸும் விறைப்பு தரும் லிக்னினும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. கருவி, டி.என்.பி. வசதியுள்ள 400 மெகாஹெர்ட்ஸ் திட நிலை என்.எம்.ஆர். பொருளைக் காந்தத்துக்குள் வைத்து அணுக்கருக்களின் சிக்னலைக் கேட்பது என்.எம்.ஆர்.; அந்தச் சிக்னலை எலக்ட்ரான்களைக் கொண்டு ஏற்றும் வித்தை டி.என்.பி. மூன்றரை வருஷம் ஓட்டியாயிற்று. மாதிரி கொண்டு வரலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

என்.எம்.ஆர். சிக்னல் ஏன் இத்தனை சோனி என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 9.4 டெஸ்லா காந்தத்துக்குள், அறை வெப்பத்தில், 10 லட்சம் புரோட்டான்களை (ஹைட்ரஜனின் அணுக்கரு, ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம்) வைத்தால் 5,00,016 ஒரு பக்கம் பார்க்கும், 4,99,984 எதிர்ப்பக்கம் பார்க்கும். மீதி எல்லாம் ஒன்றையொன்று அடித்துவிட, நமக்குக் கிடைப்பது அந்த 32-தான். கார்பன் இன்னும் மோசம். இயற்கையில் 100 கார்பனில் ஏறக்குறைய ஒன்றுதான் என்.எம்.ஆரில் தெரியும் கார்பன்-13.

எலக்ட்ரானின் காந்தம் புரோட்டானுடையதைப் போல 658 மடங்கு பெரியது. அதே காந்தப்புலத்தில் அது அவ்வளவு கூடுதலாக ஒரே பக்கம் சாயும். அந்தச் சாய்வை மைக்ரோவேவ் அடித்துப் புரோட்டானுக்கு மாற்றிவிடலாம் என்று 1953-ல் ஓவர்ஹவுசர் சொன்னபோது பெரிய பெரிய ஆட்களே நம்பவில்லை. அதே வருஷம் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் செய்து காட்டினார்கள்.

"பாலுக்கு உறை ஊத்தற மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். கிட்டத்தட்ட அதேதான். மாதிரியில் கொஞ்சம் ரேடிக்கல், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு, கலக்கிறோம், நான் பெரும்பாலும் போட்டது ஆமுபோல். ஒரே மூலக்கூறில் இரண்டு தனி எலக்ட்ரான்கள். அவை பக்கத்துப் புரோட்டானைத் திருப்ப, அது அடுத்ததைத் திருப்ப, சாய்வு அப்படியே பரவும். "குளிர்ல பால் உறையாதே?" என்றாள் அடுத்து. அங்கேதான் உவமை உதைக்கிறது. இங்கே குளிர் வேண்டும், 100 கெல்வின் அளவுக்கு. சூட்டில் எலக்ட்ரான் தன் சாய்வைக் கைமாற்றும் முன்பே இழந்துவிடும்.

மைக்ரோவேவ் வருவது கைரோட்ரானில் இருந்து, 263 கிகாஹெர்ட்ஸ். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு 2.45. அந்த அலைவரிசையை நம் இஷ்டத்துக்குத் திருக முடியாது என்பதால், என்.எம்.ஆர். காந்தத்தைத்தான் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பொருத்துவோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்னல் 20 மடங்கு கூடினால் நேரம் 400-ல் ஒரு பங்காகிவிடும். ஒரு வாரம் ஓட வேண்டிய ஸ்பெக்ட்ரம், அதாவது சிக்னல் வரைபடம், 25 நிமிஷத்தில் முடியும். முதல் தடவை டீ குடித்துவிட்டு வருவதற்குள் கார்பன் பீக்குகள் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது, முந்தின வருஷம் சாதாரணக் கருவியில் தொலைத்த ராத்திரிகளை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

இனி வயிற்றெரிச்சல். பாதி வேலை மாதிரி தயாரிப்பில்தான் இருக்கிறது. அகேட் உரலில் தாள் பொடி, அதன்மேல் ரேடிக்கல் கரைசல் சில மைக்ரோ லிட்டர். ஈரம் பட்டதும் ஏசி லேபில் மாட்டுக் கொட்டகை வாசம் எழும். அந்த ஈரப் பொடியை 3.2 மில்லிமீட்டர் சஃபையர் ரோட்டாருக்குள் (அளக்கும்போது வேகமாகச் சுழலும் குட்டிக் குழாய்) ஊசி முனையளவாகத் தள்ளி அழுத்த வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடினாலும் ரோட்டார் சுழலாது.

கரைசலில் வழக்கமான கலவை, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய கிளிசரால் 60, கனநீர் 30, சாதா நீர் 10. கிளிசராலின் கார்பன் பீக்குகள் செல்லுலோஸ் பீக்குகள் மேலேயே வந்து உட்காரும். அதனால் புத்திசாலித்தனமாக ஒருமுறை வெறும் நீரிலேயே நனைத்தேன். குளிரவைத்ததும் நீர் ஐஸ் படிகமாகி ரேடிக்கலை மூலைக்கு ஒதுக்கிவிட்டது. ஏற்றம் 3 மடங்கைத் தாண்டவில்லை. கண்ணாடி போல உறையத்தான் கிளிசரால் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. பிறகு கார்பன்-13 நீக்கிய கிளிசராலுக்கு மாறினேன். விலையைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் உரக்கச் சொல்வதில்லை. மைக்ரோவேவ் போட்டு ஒரு ஸ்பெக்ட்ரம், அணைத்து ஒன்று எடுத்து, வகுத்து வரும் எண்ணைத்தான் எல்லோரும் எப்சிலான் என்று பெருமையாகப் போடுகிறார்கள். ஆனால் ஆமுபோல் மாதிரியான ரேடிக்கல் இருக்கும்போது, சுழலும் மாதிரியில் அணைத்த நிலைச் சிக்னலே இயல்பைவிடக் கீழே இறங்கிவிடும். வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கத்தானே செய்யும்? ரேடிக்கலுக்கு ஒட்டிய அணுக்களின் சிக்னலோ காணாமலே போகும். உறை கூடினால் புளிக்கிற கதை. குளிரில் பீக்குகள் அகலவும் செய்யும். ரேடிக்கல் போடாத அதே தாளையும் பக்கத்தில் ஓட்டி, ஒரே நேரத்தில் எவ்வளவு தெளிவு என்று ஒப்பிட்ட பிறகுதான் நான் எந்த எண்ணையும் நம்புகிறேன். அப்படிப் பார்த்தாலும் என் தாளுக்கு இது லாபம்தான். சாதாக் கருவியிலேயே நல்ல பீக் தரும் பொருளுக்கு வேண்டாம், பணமும், குளிரவைத்துச் சுழற்றும் நைட்ரஜனும் தண்டம்.

நைட்ரஜன் என்றதும் நினைவு வருகிறது, ஒரு ராத்திரி தொட்டி காலியாகி ரோட்டார் நின்று, மூன்று நாள் போனது. பார்க்க மறந்தது நான்தான்.

தர்மபுரி ஸ்கேன் சென்டரில் இது வருமா என்று மாமா கேட்டார். அது வேறு வழி, மாமா. 1 கெல்வின் பக்கம் உறையவைத்த பைருவேட்டை (உடலே உண்டாக்கும் ஒரு பொருள்) சட்டென்று கரைத்து, ஊசி போட்டு ஸ்கேன் எடுப்பது. கரைத்தல் முறையில் 10,000 மடங்குக்கு மேல் ஏற்றம் 2003-ல் காட்டினார்கள், 2013-ல் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் சோதித்த முடிவு வந்தது. ஏற்றிய சிக்னல் ஓரிரு நிமிஷத்தில் வடிந்துவிடும் என்பதால் கருவி ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தத் தடவை சாமைத் தாள். மொட்டை மாடியில் காயவைத்திருந்தேன், ஆட்டுக்குட்டி பாதியைத் தின்றுவிட்டது. மீதி ஒரு ரோட்டாருக்குத் தாராளம்.