மேடையிலேயே உட்காரும் மிக்சர்: மாணவர் நடத்தும் அரங்குக்கு எக்ஸ்ஆர்18 சரிப்படுமா?

சென்னையில் மாணவர்களே நடத்தும் சின்ன இசை அரங்கு என்றால் பெரும்பாலும் நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஓர் அடி உயர மேடை, இரண்டு பவர்டு ஸ்பீக்கர், பாடுகிறவர் தன் குரலைக் கேட்கக் காலடியில் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், சுவரோரம் ஒரு பழைய அனலாக் மிக்சர். அந்த மிக்சரில் மூன்றாம் சேனல் ஏன் கரகரக்கிறது, எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தோல்) இரையாமல் இருக்கும் என்பதெல்லாம் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் தலையில்தான் இருக்கும். அவர் படிப்பை முடித்துக்கொண்டு போகும்போது அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. அடுத்த ஆண்டு வருகிறவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆகவே பெஹ்ரிங்கர் எக்ஸ் ஏர் எக்ஸ்ஆர்18 மிக்சரை இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறோம்: ஆண்டுதோறும் கை மாறும் இடத்துக்கு இது ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும். ஆனால் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வைஃபையை நம்பி வாங்கினால் ஒத்துவராது. அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இதில் ஃபேடரே (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பொத்தான்) கிடையாது. முன்பக்கம் முழுக்க சாக்கெட்டுகள்தான். மைடாஸ் வடிவமைப்பில் அமைந்த 16 மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி), 17, 18 என்ற எண்களில் இரண்டு லைன் இன்புட், மானிட்டருக்குத் தனி மிக்ஸ் அனுப்பும் 6 ஆக்ஸ் அவுட், மெயின் இடது, வலது, ஒரு ஹெட்போன். மற்றதெல்லாம் டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ இருக்கும் செயலி வழியாக. பெட்டி மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவதால் ஹாலின் கடைசிவரை இழுக்கும் தடித்த மல்டிகோர் கேபிள் தேவையில்லை. அதை வாங்கும் காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். நடைபாதையில் கேபிள் தடுக்கி யாரும் விழமாட்டார்கள், ஒலி பார்க்கிறவர் கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டே மிக்ஸ் செய்யலாம் என்பது இன்னும் பெரிய லாபம். மேடையில் வைப்பதால் கால் படும். ரேக் பெட்டி ஒன்றில் திருகி, சாக்கெட் பக்கம் சுவரைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கும்படி வையுங்கள். பாதி நிகழ்ச்சியில் ஒரு கேபிளை மாற்ற வேண்டி வந்தால் கை எட்ட வேண்டும்.

சேனல் பிரிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. பீசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சிறு கருவி) வைத்த வயலின், வீணை, கிட்டார் ஆகியவற்றை நேரடியாகச் செருக ஏற்ற ஹை-இசட் (உயர் மின்மறுப்பு) இன்புட் 1, 2 ஆகிய இரண்டு சேனல்களில் மட்டுமே உண்டு. மூன்றாவது பிக்கப்பை ஐந்திலோ ஆறிலோ செருகினால் சத்தம் வரும், ஆனால் அடிநாதம் வற்றி, தகரத்தில் தட்டியது போல இருக்கும். வயலின்காரர் தன் பிக்கப்பைத்தான் குறை சொல்வார், பிக்கப் மேல் தவறில்லை. அதற்கு, பிக்கப் சிக்னலை மைக் சாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்று வேண்டும். ஆக்டிவ் டிஐ என்றால் அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) போட வேண்டும், இதில் சேனல்வாரியாகப் போடலாம். போடுவதற்கும் எடுப்பதற்கும் முன்னால் சேனலை மியூட் செய்யுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் வரும் அந்த 'டப்' ட்வீட்டரை வாங்கிவிடும்.

தம்புரா செயலி ஓடும் போனுக்கு 17, 18 போதும். போனைச் சார்ஜரில் போட்டபடி செருகினால் பல சமயம் 'உர்ர்' என்று இரைச்சல் வரும். முழுச் சார்ஜோடு வந்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். கச்சேரி நடுவில் அழைப்பு வரும் ஆபத்தும் அதோடு தீர்ந்தது.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைக்கும்போது அடி வற்றிக் கேட்டால் முதலில் ஈக்யூவை (அடி, உச்ச ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதி) தொடாதீர்கள். இரண்டில் ஒரு சேனலில், சிக்னலின் மேல்கீழைப் புரட்டும் போலாரிட்டி பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரண்டு தோலும் எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பதாலும் இது வரும், ஏதோ ஒரு கேபிளில் 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் மாறிப் பற்றவைத்திருந்தாலும் வரும். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கேபிளும் தனியாக எக்ஸ்எல்ஆர் முனைகளும் வாங்கி மாணவர்களே பற்றவைக்கும் இடங்களில் இந்தத் தவறு சகஜம். 1-இல் ஷீல்டு, 2-இல் ஹாட், 3-இல் கோல்டு. இரு முனையிலும் இதே வரிசை. மல்டிமீட்டரில் ஒரு நிமிட வேலை.

இனி வைஃபை. உள்ளே இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். மிக்சரே வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் ஒரே சமயம் நான்கு கருவிகள்தான் சேர முடியும். காலி ஹாலில் சவுண்ட் செக் செய்யும்போது வெண்ணெய் போல ஓடும். நூறு பேர் நூறு போனோடு வந்து உட்கார்ந்ததும் அதே அலைவரிசையில் எல்லாரும் நெருக்கியடிக்கிறார்கள், போதாததற்கு மனித உடம்பே அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். டேப்லெட்டில் ஃபேடர் நகரும், சத்தம் நகராது. ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்ப ஏறுவது) கூவும்போது இது நடந்தால் ஒலி பார்க்கிறவர் கையில் ஒன்றுமே இல்லை. எனவே டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள) ரவுட்டர் ஒன்றை மிக்சரோடு சேர்த்தே கணக்கில் எழுதுங்கள். ரவுட்டருக்கு நிதி இல்லையென்றால் மிக்சரை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவது மேல்.

இணைப்பது எளிது. மிக்சரில் இருக்கும் மூன்று நிலை ஸ்விட்சை ஈதர்நெட்டுக்குத் தள்ளி, லேன் கேபிளால் ரவுட்டரோடு சேர்க்க வேண்டும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் இயக்கி, சேனலை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்துங்கள். ரவுட்டரை மேடைக்கு அடியில் ஒளித்துவைக்காமல் தலைக்கு மேலே, மேடையின் பக்கவாட்டில் மாட்டுங்கள். இந்த ரவுட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம். ஆனால் இன்டர்நெட் இல்லாத வைஃபையைச் சில டேப்லெட்டுகள் தாமாகவே உதறிவிட்டு வேறு நெட்வொர்க்குக்குத் தாவும். அந்த டேப்லெட்டில் மற்ற எல்லா வைஃபையையும் 'மறந்துவிடு' கொடுத்து, மொபைல் டேட்டாவையும் அணைத்து வையுங்கள். ஒரு பழைய லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு கட்டி, செயலியைத் திறந்தபடியே வைத்திருந்தால் டேப்லெட் கைவிட்டாலும் நிகழ்ச்சி நிற்காது.

பாஸ்வேர்டு விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது. நெட்வொர்க்குக்குள் வந்துவிட்ட யாரும் செயலியைத் திறந்து எந்தச் சேனலையும் தொடலாம், மிக்சரே தனியாகக் கேள்வி கேட்காது. "அண்ணா, என் மானிட்டரை மட்டும் நானே ஏத்திக்கிறேன், பாஸ்வேர்டு குடுங்க" என்று கேட்கும் கீபோர்டுக்காரர் நல்லவராகவே இருந்தாலும், தவறி மெயினைத் தொட்டால் ஹாலே அடங்கிவிடும். பாஸ்வேர்டு மறந்துபோனால் ரீசெட் பொத்தானை 4 விநாடி அழுத்தினால் நெட்வொர்க் அமைப்பு மட்டும் அழியும். 10 விநாடி அழுத்திவிட்டால் மிக்சரில் உள்ள எல்லா அமைப்பும் போய்விடும். இந்த வேறுபாட்டை ரேக் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

கை மாறும் இடத்துக்கு இந்தப் பெட்டியின் உண்மையான பயன் ஸ்னாப்ஷாட், அதாவது மிக்சரின் அமைப்பை மொத்தமாகச் சேமித்து மீட்கும் வசதி. 64 வரை உள்ளேயே சேமிக்கலாம். நான்கு ஆரம்ப நிலைகள் போதும்: கர்நாடகக் கச்சேரி, ராக் பேண்ட், ஒற்றைக் கிட்டாரோடு பாட்டு, பேச்சு மட்டும். ஒவ்வொன்றிலும் சேனல் பெயர், குரல்களுக்கு 100 ஹெர்ட்ஸ் வாக்கில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது), அந்த ஹாலுக்கென்று செய்த மெயின் ஈக்யூ எல்லாம் தயாராக இருக்கட்டும். கெயின் (பிரீஆம்ப் பெருக்கும் அளவு) மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்க வேண்டும், பாடுகிறவர் தொண்டை ஒருவருக்கொருவர் வேறு. மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபெல்லை ஒட்டி இருந்தால் உச்சத்துக்கு இடம் இருக்கும். இவற்றை லேப்டாப்பிலும் ஒரு பிரதி எடுத்து, பழைய அணி புதிய அணியிடம் கொடுக்கும் பொருள்களில் சேர்த்துவிடுங்கள். சாவி, கேபிள் கணக்கு, ஸ்னாப்ஷாட் கோப்பு என்ற வரிசையில்.

மானிட்டருக்குப் போகும் ஒவ்வொரு ஆக்ஸிலும் 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூ கிடைக்கிறது. இந்த விலை அடுக்கில் இதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஹால் காலியாக இருக்கும்போது மைக்கைத் திறந்து ஆக்ஸை மெல்ல ஏற்றி, கூவத் தொடங்கும் அலைவரிசையை 3 டெசிபெல் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். நான்கைந்து இடத்துக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் தவறு ஈக்யூவில் இல்லை, மானிட்டர் நிற்கும் இடத்தில். பின்பக்கச் சத்தத்தை வாங்காத, எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு மானிட்டர் நேர் பின்னால் இருக்க வேண்டும். பின்பக்கச் சத்தத்தையும் கொஞ்சம் வாங்கும், பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் வைத்தால் கூவும், சற்றுப் பக்கவாட்டுக்குத் தள்ள வேண்டும்.

ரெக்கார்டிங்கைப் பொறுத்தவரை யூஎஸ்பி கேபிள் ஒன்றில் 18 டிராக்கும் தனித்தனியாக லேப்டாப்புக்குப் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மணிக்குச் சுமார் 9.3 ஜிபி. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு 25 ஜிபி காலியாக இருக்கட்டும். ஆனால் லேப்டாப் இல்லாமல் பென் டிரைவில் நேரடியாகப் பதிய இதில் வழியில்லை. அந்த வசதி இதன் தம்பியான எக்ஸ்ஆர்16-இல் உண்டு, அதில் மைக் பிரீஆம்ப் 8, ஆக்ஸ் 4தான். கச்சேரியும் பேச்சும் மட்டும் நடக்கும் இடத்துக்கு அதுவே தாராளம். டிரம்ஸ் வரும் இடத்துக்குப் போதாது.

மின்வெட்டுக்கு மிக்சரையும் ரவுட்டரையும் மட்டும், கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஸ்பீக்கரை அதில் சேர்க்காதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்வரை ஹால் மௌனமாக இருப்பது அரை நிமிடம்தான். ஆனால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்து டேப்லெட் சேர இன்னும் ஓரிரு நிமிடம் போகும், அந்த நேரத்தில்தான் கூட்டம் கலைகிறது. ஸ்பீக்கரை எப்போதும் கடைசியில் போட்டு, முதலில் அணைக்க வேண்டும்.

மொட்டைமாடியிலோ திறந்தவெளியிலோ நடத்தினால், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மெயினில் இருக்கும் கம்ப்ரசரை லிமிட்டராக (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அடக்கும்படி) வைத்து ஸ்னாப்ஷாட்டிலேயே சேமித்துவிட்டால் கடைசிப் பாட்டில் உற்சாகத்தில் யாராவது சேனல்களை ஏற்றினாலும் சத்தம் அடங்கியே இருக்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களோடு உறவு கெட்டால் அரங்கையே மூட வேண்டி வரும்.

வாங்கும்போது கடையிலேயே 16 சாக்கெட்டிலும் ஒரு மைக்கை மாற்றி மாற்றிச் செருகி, 6 ஆக்ஸிலும் ஹெட்போனிலும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஆகும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கல்லூரியின் பெயரில் பில் வாங்குங்கள். மாணவர் ஒருவர் பெயரில் வாங்கினால், இரண்டு வருடம் கழித்து வாரன்டிக்கு அந்த மாணவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடற்காற்று படும் இடமென்றால் பயன்படுத்தாத சாக்கெட்டுகளுக்கு மூடி போட்டு, ரேக்குக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவற்றை மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.