ரெவெரி செயலி: பத்து நிமிட ஹிப்னாசிஸ்

ஹிப்னாசிஸ், அதாவது கவனத்தை ஒன்றில் ஆழமாகக் குவிக்கும் அறிதுயில் நிலையை, நாமே பழக உதவும் ரெவெரி செயலியில் எனக்கு மிகவும் பயன்பட்டது மன அழுத்தத்துக்கான பயிற்சிதான். பார்வையை மேலே உயர்த்தி, இமைகளை மெல்ல மூடி, இழுத்த மூச்சை நிதானமாக விட்டபின், உடல் நீரில் மிதப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். உடல் தளர்ந்ததும், நம்மை வாட்டும் பிரச்சினையை மனத்திரையில் ஓடவிட்டு, உடலை மட்டும் அந்த மிதப்பிலேயே வைத்திருக்க வேண்டும். கவலை வந்தால் நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பே கவலையை மேலும் வளர்க்கும். இந்தப் பயிற்சி அவ்விரண்டுக்கும் இடையிலான முடிச்சைத் தளர்த்துகிறது. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் நோய்க்குறியாகக் காணப்படும் மனவிலகலை, அதாவது உடலிலிருந்தோ உணர்விலிருந்தோ மனம் விலகி நிற்பதை, இங்கே சில நிமிடங்களுக்கு நாமே விரும்பிக் கையாள்கிறோம்.

பயிற்சியை நடத்தும் குரல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலுடையது. அவரது குழு 57 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஹிப்னாசிஸுக்கு எளிதில் ஆட்படுபவர்களிடம், செயலை வழிநடத்தும் பகுதிக்கும் தன்னைப் பற்றிய சிந்தனையில் ஈடுபடும் பகுதிக்கும் இடையிலான தொடர்பு அந்நேரத்தில் குறைகிறது. உடலின் நிலையை உணரும் பகுதியோடு உள்ள தொடர்போ கூடுகிறது. அதைப் படித்தபின் அந்த மிதப்பு எனக்கு வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

நாம் ஹிப்னாசிஸுக்கு எவ்வளவு ஆட்படக்கூடியவர் என்பதைச் செயலியே சோதித்துச் சொல்கிறது. இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தத் திறன் எளிதில் மாறுவதில்லை: 50 பேரை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்து 1989-இல் வெளியான ஆய்வில், மதிப்பெண்கள் பெரிய அளவில் மாறியிருக்கவில்லை. குறைந்த மதிப்பெண் பெறுபவர்கள் சந்தா கட்டுவதற்கு முன் யோசிக்கலாம். உணர்வுகளை வந்தபடியே கவனிக்கப் பழக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி அவர்களுக்குப் பொருந்தக்கூடும். பேரதிர்ச்சியின் நினைவுகளோடு போராடுபவர்கள் மனநல மருத்துவரின் துணையோடு மட்டுமே இதை முயல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பீகல் பேசுவது ஆங்கிலம் என்பதால், என் தாயாருக்கு நானே பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஏரி, குளம் என்று சொன்னபோதெல்லாம் புருவத்தைச் சுருக்கியபடியே இருந்தவர், “நம்ம ஊர்க் கிணத்துல மல்லாந்து மிதக்குறம்மா” என்றதும் முகம் தளர்ந்து, கைகளை மெல்ல விரித்தார்.